தரையிறங்கியவரைத் தடுத்து வைக்கும் அதிகாரம்

சர்வதேசச் சட்டத்தை நான் விரும்பிப் படித்தவளல்ல. யாழ்ப்பாணத்தில் இருப்பவர் எந்தச் சட்டம் படிக்க வேண்டும் என்று கேட்டால், காணிச் சட்டம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். வேலிச் சண்டை, ஒழுங்கைச் சண்டை, கிணற்றில் யாருக்கு எத்தனை பங்கு என்ற சண்டை, இவை போதும் ஒரு சட்டத்தரணி ஆயுள் முழுக்க வேலை செய்ய. இது கொழும்பில் வினாத்தாள் போட்டவர்களுக்குத் தெரியவில்லை. போர் செய்யும் நாடொன்றின் இராணுவ விமானம் நடுநிலை நாடொன்றில் தரையிறங்கினால், அந்த நடுநிலை நாட்டுக்கு அதன்மேல் என்னென்ன அதிகாரம் உண்டு என்று கேட்டிருந்தார்கள். பழைய வினாத்தாள்களில் அது மூன்று தரம் வந்திருந்தது. அதனால் நாலாம் தரமும் வரும் என்று நாங்கள் இருவரும் முடிவு செய்தோம்.

இருவர் என்றது என்னையும் அவரையும். எண்பத்தேழில் நான் பட்டணத்தில் ஒரு நொத்தாரிசின் கந்தோரில் காணி உறுதிப் பத்திரங்களைப் பிரதி எடுக்கும் வேலை பார்த்தேன். உடுவிலிலிருந்து தினமும் சைக்கிளில் வந்து போவேன். அவர் எனக்கு எதிர் மேசை. குருநகர்க்காரர், வேதம் என்று நாங்கள் சொல்லும் கத்தோலிக்கர், தகப்பனும் தமையனும் கடலுக்குப் போகிறவர்கள். வீட்டில் இவர் மட்டும் கடலுக்குப் போகாமல் காகிதத்துக்கு வந்தவர். இருவரும் ஒரே சட்டப் பரீட்சைக்கு வெளிவாரியாகப் படித்தோம். புத்தகம் ஒன்றுதான் இருந்தது. ஒரு கிழமை உடுவிலில், ஒரு கிழமை குருநகரில் என்று முறை வைத்து, கிடைத்த கிழமையில் முடிந்தமட்டும் கொப்பியில் எழுதிக்கொள்வோம்.

அவர் புத்தகத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதுவார். இது சரியில்லை, இதை ஆர் கேட்டது, இந்த நீதியரசருக்கு விசர் என்றெல்லாம் எழுதுவார். புத்தகத்தில் எழுதுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். முதல் தரம் அழிறப்பர் எடுத்து எல்லாவற்றையும் அழித்தேன். இரண்டாம் தரம் வாசித்துவிட்டு அழித்தேன். மூன்றாம் தரம் நானும் பக்கத்தில் பதில் எழுதினேன். அதற்குப் பிறகு புத்தகம் என் முறைக்கு வரும் திங்கட்கிழமையை நான் ஞாயிறு காலையிலிருந்தே எதிர்பார்க்கத் தொடங்கினேன். என்னை நானே திட்டியும் அது நிற்கவில்லை.

அந்த விமானக் கேள்விக்குப் புத்தகம் சொன்ன பதில் நேரானது. நடுநிலை நாடு தன் வானத்துக்குள் போர் விமானம் வராமல் தடுக்க வேண்டும். வந்தால் கீழே இறக்க வேண்டும். இறங்கினால் விமானத்தையும் அதில் வந்தவர்களையும் போர் முடியும்வரை பிடித்து வைத்திருக்க வேண்டும். அது சிறை அல்ல, தண்டனையும் அல்ல. சாப்பாடு கொடுத்து மரியாதையாகவே வைத்திருக்கலாம். ஆனால் போக விடக்கூடாது. விட்டால் நீ நடுநிலை இல்லை.

மத்தியானம் சாப்பிட்டபின் கந்தோரின் பின் விறாந்தையில் அரை மணித்தியாலம் இருப்போம். அங்கேதான் இந்தச் சண்டை தொடங்கியது.

"இயந்திரம் பழுதாகி, வேற வழியில்லாமல் வந்து இறங்கினவனையுமே பிடிச்சு வைக்கிறது?" என்று அவர் கேட்டார்.

"ஓம். எதுக்கு இறங்கினாலும் சட்டம் ஒண்டுதான். பக்கத்தைத் திருப்பிப் பாருங்கோ."

"உதை எழுதினவன் ஒருநாளும் கடற்கரையிலை இருந்திருக்கமாட்டான்."

அவர்களின் கரையில் ஒரு வழக்கம் இருந்தது. காற்று மாறி இந்தியப் பக்கத்து அக்கரை வள்ளம் ஏதும் ஒதுங்கினால் முதலில் கஞ்சி கொடுப்பார்கள். உடுத்த ஒரு சாரம் கொடுப்பார்கள். இயந்திரத்தைப் பார்த்துத் திருத்துவார்கள். காற்று திரும்பியதும் தள்ளி விடுவார்கள். பேர் கேட்கமாட்டார்கள். பேர் தெரிந்தால் பொலிஸ் வந்து கேட்கும்போது பொய் சொல்ல வேண்டி வரும், தெரியாவிட்டால் உண்மையே சொல்லலாம் என்பது அவர்களின் கணக்கு. இதே தயவு தங்கள் ஆட்களுக்கு அக்கரையிலும் கிடைக்கிறது என்றார். நான் அதெல்லாம் வழக்கம், சட்டமில்லை என்றேன். வழக்கத்திலிருந்துதான் சர்வதேசச் சட்டமே பிறந்தது என்று என்னுடைய கொப்பியையே திறந்து காட்டினார். எனக்கு வந்த கோபத்தில் அன்று மாலை அவருக்குச் சொல்லாமலே புறப்பட்டு வந்தேன். மருதனார்மடம் தாண்டும்போது தனியே சிரித்துக்கொண்டு சைக்கிள் மிதித்தது நினைவிருக்கிறது.

யூன் மாதம், மாதக் கணக்கில் சாமான் வராமல் குடாநாடு காய்ந்து கிடந்த நேரம், ஒரு பின்னேரம் பெரிய விமானங்கள் தாழப் பதிந்து பறந்து வந்தன. நொத்தாரிசு மேசைக்குக் கீழே போய்விட்டார். குண்டு விழுமென்றுதான் எல்லோரும் நினைத்தோம், பரசூட்டில் பொதி விழுந்தது. இந்தியா அரிசி போடுகிறது என்று தெருவெல்லாம் ஒரே சத்தம். நான் விறாந்தையில் நின்று, அனுமதியில்லாமல் இன்னொரு நாட்டு வானத்தில் இராணுவ விமானம் பறக்கேலாது என்று சொன்னேனாம். நான் சொன்னது எனக்கு நினைவில்லை. அவர் அதை ஒரு மாதம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். சனம் அரிசிக்கு ஓடேக்கை இந்தப் பிள்ளை சட்டம் கதைச்சது என்று கந்தோருக்கு வருகிற ஆளுக்கெல்லாம் சொன்னார்.

யூலைக் கடைசியில் அனுமதியோடேயே வந்தார்கள். ஒப்பந்தம் எழுதிய பிறகு இந்திய இராணுவம் வந்து இறங்கியது. சனம் மாலை போட்டது. ஹெலிகள் எங்கள் தலைக்குமேலே பஸ் ஓடுகிற மாதிரி ஓடின. அப்படி ஓடிய ஒன்றுதான் ஒரு ஞாயிறு காலை, சுன்னாகம் பக்கமாயிருந்த என் தகப்பனார், எங்கள் ஐயாவின் வெங்காயத் தோட்டத்தில் வந்து இறங்கியது. இயந்திரத்தில் ஏதோ கோளாறு. நட்டுப் பத்து நாளான வெங்காயம். ஐயா முதல்நாள்தான் தண்ணீர் கட்டியிருந்தார். ஹெலியின் சக்கரம் இரண்டு பாத்தியையும் வாய்க்காலையும் உழக்கிக்கொண்டு செம்மண் சேற்றில் புதைந்து நின்றது.

ஐயாவுக்கும் எனக்கும் கோபம் ஒரே அச்சு. அவர் மண்வெட்டியோடு ஹெலியைச் சுற்றி ஒருமுறை நடந்தார். உள்ளே மூன்று பேர், இரண்டு விமானிகளும் ஒரு மெக்கானிக்கும். தலைப்பாகை கட்டிய மூத்த விமானி இறங்கி வந்து கையெடுத்துக் கும்பிட்டார். ஐயா அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

"சட்டம் படிக்கிறாய்தானே. உவங்களுக்குச் சொல்லு."

நான் சொன்னேன். இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது, அப்போது கூசவில்லை. ஊரே வரம்பில் நிற்க, சேற்றில் செருப்போடு நின்று, புத்தக ஆங்கிலத்தில், நாங்கள் இந்தப் போரில் எந்தப் பக்கமும் சேராத ஆட்கள் என்றேன். எங்களிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை என்றேன். ஆகவே இந்தத் தோட்டத்தில் இறங்கிய இராணுவ விமானத்தையும் அதில் வந்தவர்களையும் போர் முடியும்வரை தடுத்து வைக்கும் அதிகாரம் எங்களுக்கு உண்டு என்றேன். விமானி முழுவதையும் கவனமாகக் கேட்டார். பிறகு, அம்மணி, எங்களை எங்கே வைத்திருக்கப் போகிறீர்கள் என்று மிகப் பணிவாகக் கேட்டார்.

"என்னவாம்?" என்றார் ஐயா.

"எங்கை வைச்சிருப்பியள் எண்டு கேக்கிறார்."

"மாட்டுக் கொட்டில் சும்மாதான் கிடக்குது எண்டு சொல்லு."

மெக்கானிக் மலையாளம் கலந்த தமிழ் பேசுபவர். அவர் விழுந்து விழுந்து சிரித்து, அதை விமானிக்குச் சொல்ல, அவரும் சிரிக்க, வரம்பில் நின்ற சனமும் சிரித்தது. ஐயா மட்டும் சிரிக்கவில்லை.

பத்து மணிபோல அவர் வந்தார். குருநகரிலிருந்து சைக்கிளில். அதற்கு முன்னும் பின்னும் அவர் எங்கள் பக்கம் வந்ததேயில்லை. செய்தி பட்டணத்துக்குப் போய்விட்டது, ஹெலியைப் பார்க்க வந்தேன் என்றுதான் சொன்னார். ஆனால் நேரே வந்து என் பக்கத்தில்தான் நின்றார், ஹெலி எங்கள் இருவருக்கும் முன்னால் நின்றது. நான் விமானியிடம் சொன்னதைக் கேட்டதும் தலையில் கை வைத்தார்.

"உவங்கள் சாப்பிட்டவங்களோ எண்டு ஆரும் கேட்டனீங்களே?"

ஒருவரும் கேட்டிருக்கவில்லை. அவர் அம்மாவிடம் போய் என்ன சொன்னாரோ தெரியாது, அரை மணித்தியாலத்தில் ஒரு சுளகு இடியப்பமும் சம்பலும் வந்தன. பிளேன்டீயும் பனங்கட்டியும் வந்தன. அவர்தான் எல்லாவற்றையும் வரம்பால் காவிக்கொண்டு போனார். பிறகு மெக்கானிக்கோடு சேர்ந்து சேர்ட்டைக் கழற்றிவிட்டு, ஏதோ குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றார். வள்ளத்து இயந்திரத்தில் கை பழகியவர். இளைய விமானி என் அம்மாவுக்குத் தன் மகளின் படத்தைக் காட்டினார். அம்மா அதைக் கையில் வாங்கி, பால்பல் விழுந்திட்டுது என்று சொன்னார். மத்தியானத்துக்குப் பிறகு இன்னொரு ஹெலி வந்து ஏதோ பாகத்தைக் கொடுத்துவிட்டுப் போனது. மூன்று மணிக்கு எங்கள் ஹெலி எழும்பியது. விமானி ஐயாவுக்குச் சலூட் அடித்தார். விசிறிக் காற்றில் இன்னும் நாலு பாத்தி வெங்காயம் போனது. வாயில் விழுந்த மண்ணை ஐயா துப்பிக்கொண்டு நின்றார்.

சனம் கலைந்த பிறகு அவரும் நானும் கிணற்றுக்கட்டில் சிறிது நேரம் இருந்தோம். அவருடைய கையில் கறுப்பு எண்ணெய்.

"பாத்தீரே, சாப்பாடு குடுத்து அனுப்பினதிலை உங்களுக்கு என்ன குறைஞ்சு போச்சு?"

"நானெண்டால் விட்டிருக்கமாட்டன். என்ரை கைக்கு வந்த ஆளை நான் விடமாட்டன்" என்றேன். சத்தியமாகச் சட்டத்தைத்தான் சொன்னேன்.

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "அது தெரியும்" என்றார்.

எனக்குக் காது இரண்டும் சுட்டது. எழும்பிப் போய்த் தண்ணீர் அள்ளி அவர் கையில் ஊற்றினேன். சவர்க்காரம் போட்டும் அந்த எண்ணெய் போகவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையை நான் எத்தனை ஆயிரம் தரம் திரும்ப நினைத்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. அந்தக் கிணற்றுக்கட்டில் இன்னொரு அரை மணித்தியாலம் இருக்கக் கிடைத்தால் போதும் என்று இன்றைக்கும் மனம் கிடந்து அடிக்கும்.

ஒக்டோபரில் அந்த இராணுவத்துக்கும் தமிழ்ப் போராளி இயக்கத்துக்கும் சண்டை தொடங்கியது. அதே ஹெலிகள் மேலே நின்று சுட்டன. எங்கள் ஒழுங்கையில் இரண்டு வீட்டில் சாவு. கந்தோர் திரும்பத் திறந்தபோது நான் அவரைக் கண்டதும் முதல் சொன்னது, "பாத்தீங்களே, அண்டைக்குப் பிடிச்சு வைச்சிருக்கவேணும்" என்பதுதான். உயிரோடு இருக்கிறீர்களா என்று கேட்கத்தான் வாய் திறந்தேன், வந்தது அது. என் சுபாவம் அப்படி. அவர் கோபிக்கவில்லை.

"அண்டைக்கு வந்தவனுக்குப் பசிச்சது. அவ்வளவுதான்" என்றார்.

அந்த இராணுவம் போனது. இலங்கை அரசோடான பழைய போர் திரும்ப வந்தது. ரயில் இல்லை, கரண்ட் இல்லை. நீதிமன்றக் கட்டிடத்தில் ஒருவரும் இல்லை. நொத்தாரிசு மட்டும் கந்தோரைத் திறந்து வைத்திருந்தார், காணி கைமாறாமல் எங்கள் சனம் இருக்காது என்பது அவரின் நம்பிக்கை. நாங்கள் பரீட்சைக்குப் போக முடியாமல் வருடங்கள் போயின. புத்தகம் மட்டும் கிழமைக்குக் கிழமை கைமாறிக்கொண்டே இருந்தது. இருவருக்கும் அது மனப்பாடமாகிவிட்டது. இனி அதைக் கொண்டுபோக ஒரு காரணமும் இல்லை என்பதை இருவருமே சொல்லவில்லை.

தொண்ணூற்றிரண்டில் இருவருக்கும் பரீட்சை அனுமதி அட்டை வந்து சேர்ந்தது. குடாநாட்டை விட்டு வெளியே போவதென்றால் இயக்கத்திடம் பாஸ் எடுக்க வேண்டிய காலம். பாஸுக்கு ஒரு பிணை வேண்டும். போகிறவர் திரும்பி வருவார் என்று ஒருவர் இங்கே கையெழுத்துப் போட்டு நிற்க வேண்டும். போனவர் வரும்வரை பிணை நின்றவருக்குப் பாஸ் கிடையாது. அவருடைய தமையன் முதலே ஜெர்மனிக்குப் போய்விட்டிருந்தார். அதற்குப் பிணை நின்றது தாய். ஆகவே தாயின் கையெழுத்து இனிச் செல்லாது. தகப்பன் அதற்கு முதல் வருடம் காலமாகிவிட்டார். என் பக்கம் ஐயா படுத்த படுக்கை. என்னைக் கொழும்புக்கு விடுவதற்கு அவர் கையெழுத்துப் போடமாட்டார்.

ஆக எங்களில் ஒருவர் போகலாம். மற்றவர் பிணை.

"நீர் போம். நான் நிக்கிறன்" என்றார்.

அவருக்கு அது கடைசித் தவணை. அதிலும் எழுதாவிட்டால் அதுவரை எழுதிய பாடங்கள் எல்லாம் போய்விடும். எனக்கு இன்னும் ஒரு தவணை இருந்தது. அதை நான் சொன்னேன். நீங்கள் எழுதிவிட்டு வாருங்கள், வந்தபின் நான் போகிறேன் என்றேன். இரண்டு நாள் வழக்காடி நான் வென்றேன். வழக்காடி வெல்வதில் நான் வலு கெட்டிக்காரி.

பாஸ் கொடுக்கும் இடத்தில் உட்கார ஒரு நீள வாங்கு. காலை பத்து மணி. எங்களுக்கு முன்னால் ஒரு நோயாளியின் மனைவி. பிறகு எங்கள் முறை. மேசைக்குப் பின்னால் இருந்தவர் படிவத்தைப் பார்த்தார். பிணை நிற்பவரின் உறவுமுறை என்ற இடம் வெறுமையாய் இருந்தது.

"நீங்கள் அவருக்கு என்ன முறை?" என்று என்னைக் கேட்டார்.

"ஒரே கந்தோரிலை வேலை செய்யிறம்."

"சொந்தம் இல்லாட்டி எடுக்கேலாது."

நான் வாய் திறந்தேன். அந்த விதி எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்கப் போனேன். அதற்கு முதல் என் பக்கத்தில் நின்ற அவர் சொன்னார்.

"நான் கட்டப்போற பிள்ளை."

மேசைக்குப் பின்னால் இருந்தவர் தலை நிமிராமலே அதை எழுதினார். கலியாணம் பேசி முடிந்ததா என்று கேட்டார். முடியும் என்றார் இவர். படிவத்தை என் பக்கம் திருப்பி வைத்தார்கள். மேலே சொன்னவை என் அறிவுக்கு எட்டியவரை உண்மை என்ற வரியின் கீழே நான் கையெழுத்துப் போட்டேன். பிறகு திகதியையும் எழுதினேன்.

வெளியே வந்து சைக்கிளை எடுத்தோம். அவர் ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். நான் ஏதாவது சொல்வேன் என்று அவரும் காத்திருந்திருக்கலாம். நான் சொன்னேன்.

"நல்ல யோசினை. இல்லாட்டித் தந்திருக்கமாட்டாங்கள்."

அவர் முகம் ஒருமாதிரிப் போனது. "ஓம்" என்றார். எழுதி முடித்து வந்து கதைப்போம் என்றார். மூன்று நாளில் கிளாலி வழியாகக் கடல் தாண்டிப் போய்விட்டார்.

கொழும்பிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எல்லாத் தாளும் நன்றாக எழுதினாராம். விமானக் கேள்வி வந்ததாம், நான் சொன்னபடியே எழுதினாராம், வந்து கதைக்கிறேன் என்றிருந்தது. பிறகு ஒன்றும் வரவில்லை. ஆறு மாதம் கழித்துப் பாஸ் கொடுக்கும் இடத்திலிருந்து இரண்டு பேர் வீட்டுக்கு வந்து கேட்டார்கள். வருவார் என்றேன். அவர் வரும்வரை எனக்குப் பாஸ் இல்லை என்று நினைவுபடுத்திவிட்டுப் போனார்கள். என்னுடைய தவணையும் வந்து போனது.

பரீட்சை போனது எனக்குப் பெரிதாய்ப் படவில்லை. என்னை அரித்தது வேறு. அவர் பாஸ் மேசையில் சொன்னது உண்மையா, பாஸுக்காகச் சொன்னதா? இரவுபகல் எனக்கு அந்த ஒரு வழக்குத்தான். தனக்கு ஒரு நன்மை வேண்டி அதிகாரி முன் ஒருவர் சொன்ன வார்த்தைக்குச் சாட்சியத்தில் என்ன பெறுமதி? ஒன்றுமில்லை. ஆனால் சொல்லும்போது அவர் குரல் இறங்கியதே. அதுவும் பயமாய் இருக்கலாம். பிறகு ஏன் அவர் முகம் அப்படிப் போனது? உறுதி பிரதி எடுக்கும்போது நடுவில் பேனையை வைத்துவிட்டு எதிர் மேசையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அதில் வேறொருவர் இருந்தார், நல்ல மனிதர், அவரை எனக்குப் பிடிக்கவேயில்லை.

கந்தோரிலிருந்து குருநகர் சைக்கிளில் பத்து நிமிடம். அவருடைய தாயிடம் போய்க் கேட்டிருக்கலாம். எத்தனையோ தரம் கோயில் சந்திவரை போனேன். அங்கே நின்று, சங்கிலி கழன்ற மாதிரிச் சைக்கிளைக் குனிந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவேன். எங்கள் ஊர்களில் பெண் வீட்டார்தான் மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்ச் சம்பந்தம் கேட்பது. ஆனால் இங்கே அவரே வாயால் சொல்லிவிட்டார். அப்படியென்றால் இனி அவர்கள் பக்கம் வரவேண்டியதுதான் முறை என்று நான் தீர்ப்பு எழுதி வைத்திருந்தேன். ஒரு பொம்பிளை தனியே போய், உங்கள் மகன் சொன்னது மெய்யா என்று கேட்பாளா? இதைப் பெருமை என்று சொல்லிக்கொண்டேன். பாதி பயம். வேதக்காரப் பெடியன், கடற்தொழில் குடும்பம் என்று ஐயாவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஹெலியின் முன்னால் நின்று சட்டம் சொன்ன வாய், படுக்கையில் கிடந்த ஐயாவின் முன்னால் திறக்கவில்லை. ஐயா தொண்ணூற்றுநாலில் காலமாகிவிட்டார். அதற்குப் பிறகும் நான் போகவில்லை. அப்போது எனக்குச் சாட்டுச் சொல்லவும் ஆளில்லை.

தொண்ணூற்றைந்து ஒக்டோபர் முடிவில் இராணுவம் நெருங்கி வர, வலிகாமம் முழுக்க எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தது. அம்மாவைச் சைக்கிள் கரியரில் வைத்து மழைக்குள் தள்ளிக்கொண்டு போனேன். சாவகச்சேரிக்கு அப்பால் ஒரு பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்தது. ஒரு வகுப்பறையில் எட்டுக் குடும்பம். காலையில் கிணற்றடியில் தண்ணீருக்கு வரிசை. இரண்டாம் கிழமை என்று நினைக்கிறேன், வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவரோடு கதைக்கிறபோது, நான் உடுவில், பட்டணத்தில் நொத்தாரிசு கந்தோரில் வேலை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவருக்கும் பின்னால், கழுத்தில் செபமாலை போட்ட ஒரு மெலிந்த அம்மா வாளியை நிலத்தில் வைத்துவிட்டு முன்னால் வந்தார். என் முகத்தை உற்றுப் பார்த்தார். எனக்கு அவரைத் தெரியாது. ஆனால் கிணற்றுக்கட்டில் என்னைப் பார்த்த அந்தப் பார்வையை எனக்குத் தெரியும்.

"நீயே மோனை அந்தப் பிள்ளை?" என்றார். "என்ரை இளையவனுக்குப் பிணை நிண்ட பிள்ளை?"

தலையாட்டினேன்.

"பாஸ் எடுக்கப் போக முதல்நாள் பின்னேரம் எனக்குச் சொன்னவன். உடுவிலிலை ஒரு பிள்ளை இருக்கு, அம்மா. சைவம், சரியான கோவக்காரி, கட்டினால் அவளைத்தான் கட்டுவன் எண்டு."

முதல்நாள் பின்னேரம். மேசைக்குப் பின்னால் இருந்தவர் கேட்பதற்கு முந்திய நாள். மூன்று வருடமாக நான் தேடிய சாட்சி வாளியோடு தண்ணீருக்கு நின்றது.

"அவர் எங்கை இப்ப?" என்று கேட்டேன்.

"ஜெர்மனியிலை. சோதினை எழுதிப்போட்டுத் திரும்பி வர வவுனியா மட்டும் இரண்டு தரம் வந்தவன். விடேல்லை மோனை, திருப்பி விட்டிட்டாங்கள். கொழும்பிலையும் பிடிச்சு அடைச்சு வைச்சிருந்து விட்டவங்கள். பிறகுதான் தமையன் கூப்பிட்டது. உனக்கும் காயிதம் போட்டவனாம். வந்ததே?"

"ஒண்டு வந்தது."

"பொம்பிளை பகுதி வந்து கேப்பினம் எண்டு நானும் பாத்துக்கொண்டிருந்தன். நாங்கள் வந்து கேட்டால் உன்ரை கொப்பர் வாசல் படலை திறந்திருப்பரே? அதுதான் பேசாமல் இருந்தனான். எனக்கு எழுதிற ஒவ்வொரு காயிதத்திலையும் கேப்பான், உடுவிலாலை ஆரும் வந்தவையோ எண்டு. நான் பொய் எழுதேலுமே? வரேல்லை எண்டுதான் எழுதினன். உயிர்த்த ஞாயிறோடை கேக்கிறதை விட்டிட்டான். ஆவணியிலை அங்கை ஒரு பிள்ளையைக் கட்டினவன்."

ஆவணி என்றால் அதற்கு மூன்று மாதம் முந்தி.

வரிசை நகர்ந்தது. யாரோ பின்னாலிருந்து, கதைக்கிறதென்றால் விலத்தி நின்று கதையுங்கோ என்றார்கள். அவர் விலத்தவில்லை. ஈரக் கையால் என் முழங்கையைப் பிடித்திருந்தார்.

"ஏன் மோனை ஒருநாளும் எங்கடை வீட்டை வரேல்லை?"

என் முறை வந்தது. துலாவை இழுத்து முதலில் அவருடைய வாளியை நிரப்பினேன். அவர் தானே தூக்குகிறேன் என்றார், விடவில்லை. பள்ளிக்கூடத்தின் மேற்குப் பக்கக் கடைசி வகுப்பறையில் அவர்களுக்கு ஒரு மூலை கொடுத்திருந்தார்கள். ஒரு பாய், ஒரு பெட்டி, சுவரில் சாத்தி வைத்த ஒரு மாதா படம். அவர் உள்ளே போய்ப் பாயின் ஓரத்தைத் தட்டி, இரு மோனை என்றார். நான் இருந்தேன். அவருடைய வீட்டுக்கு நான் போனது அந்த ஒருநாள்தான்.